உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் அதிகார எல்லையை அறிந்து செயல்படுவது எப்படி

டெல்டா மாவட்டங்களில் இயங்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயக்குநர் குழுக் கூட்டங்களில் ஒரு புதிய தொழிலைப் பற்றிப் பேச்சு எழும்போது வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. இதில் இலாபம் வருமா என்பது ஒன்று, உறுப்பினர்கள் சம்மதிப்பார்களா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி, இதைச் செய்ய நம் நிறுவனத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதாகும். அதிகாரம் இல்லாத செயல் எவ்வளவு இலாபகரமானதாக இருந்தாலும், ஆயிரம் உறுப்பினர்களும் ஒருமனதாகக் கை உயர்த்தினாலும், சட்டத்தின் முன் செல்லாது. அப்படிச் செலவான பணம் உழவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் போட்ட பங்குத்தொகை என்பதால், இந்த விஷயத்தை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தனி மனிதர் ஒருவர், சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். நிறுவனம் அப்படி அல்ல. அது பதிவு செய்யப்பட்டபோது பதிவாளரிடம் ஒப்படைத்த மெமோராண்டத்தில் எழுதியுள்ள நோக்கங்களுக்காக மட்டுமே உயிர் பெற்றது. அந்த நோக்கங்களுக்கு வெளியே அதற்குக் கையும் காலும் கிடையாது. இந்தக் கோட்பாட்டைத்தான் வழக்கறிஞர்கள் 'அல்ட்ரா வயர்ஸ்', அதாவது அதிகாரம் கடந்த செயல், என்று குறிப்பிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டில் ஆஷ்பரி ரயில் பெட்டி நிறுவனத்தின் வழக்கில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதை நிலைநாட்டியது. ரயில் பெட்டிகளைச் செய்து விற்பதற்காகத் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், பெல்ஜியத்தில் ஒரு ரயில் பாதை அமைப்பதற்குப் பணம் தருவதாக ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்றும், பங்குதாரர்கள் அனைவரும் சேர்ந்து ஒப்புதல் தந்தாலும் அதற்கு உயிர் கொடுக்க முடியாது என்றும் தீர்ப்பாயிற்று. இங்கிலாந்து தன் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்தக் கோட்பாட்டைப் பெருமளவு தளர்த்திக்கொண்டது. இந்தியாவில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

முதலில் ஆவணத்தைக் கையில் வாங்குங்கள்

பல நிறுவனங்களில் மெமோராண்டமும், உள் நிர்வாக விதிகளான ஆர்ட்டிகிள்ஸும் பதிவு செய்து கொடுத்தவருடைய அலுவலக அலமாரியில்தான் இருக்கின்றன. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் இயக்குநர்களே படித்திருப்பதில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, உறுப்பினர் ஒருவர் கேட்டு உரிய கட்டணத்தைச் செலுத்தினால், நிறுவனம் 7 நாட்களுக்குள் இந்த நகல்களைத் தர வேண்டும். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. நிறுவனம் தர மறுத்தாலும், மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி எவரும் இவற்றைப் பார்வையிடலாம்.

நகலை வாங்கும்போது, தொடக்கத்தில் பதிவான மெமோராண்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பின்னர் திருத்தங்கள் பதிவாகியுள்ளனவா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நோக்கங்களைக் கூறும் பகுதியைத் தமிழில் எழுதி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருமுறை உரக்கப் படித்துவிடுவது மிகவும் நல்லது. தம் நிறுவனம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை உறுப்பினர்கள் அறிந்திருந்தால், பிற்காலத்துச் சச்சரவுகளில் பாதி எழாது.

நோக்கப் பகுதியைப் படிக்கும் முறை

மெமோராண்டத்தில் நிறுவனத்தின் பெயர், பதிவு அலுவலகம் அமைந்த மாநிலம், நோக்கங்கள், உறுப்பினர்களின் பொறுப்பு வரம்பு, பங்கு மூலதனம் ஆகியவை இடம்பெறும். நோக்கங்கள் பெரும்பாலும் மூன்றாம் கூறில் இருக்கும். அதன் முதற்பகுதி முக்கிய நோக்கங்களையும், இரண்டாம் பகுதி அவற்றை நிறைவேற்றத் தேவையான செயல்களையும் கூறும். பழைய சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களில் 'பிற நோக்கங்கள்' என்ற மூன்றாவது பகுதியும் இருக்கலாம்.

ஒரத்தநாட்டுப் பக்கம் நெல்லும் உளுந்தும் விளைவிக்கும் உழவர்களின் நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் முக்கிய நோக்கம், 'உறுப்பினர்கள் விளைவிக்கும் நெல், உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றைக் கொள்முதல் செய்து, தரம் பிரித்து, பதப்படுத்தி, விற்பனை செய்தல்' என்று எழுதப்பட்டுள்ளது. இந்த ஒரு வாக்கியத்தை மூன்று இடங்களில் நிறுத்திப் படிக்க வேண்டும். முதலாவது, 'உறுப்பினர்கள் விளைவிக்கும்' என்ற சொற்கள். யாருடைய விளைபொருள் என்பதை அவை வரையறுக்கின்றன. இரண்டாவது, பொருட்களின் பட்டியல். அதில் 'ஆகியவற்றை' என்று முற்றாக முடிந்திருக்கிறதா, 'உள்ளிட்ட வேளாண் விளைபொருட்களை' என்று திறந்திருக்கிறதா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. முன்னது என்றால், நாளை தேங்காய்க் கொள்முதலில் இறங்குவதற்கு மெமோராண்டத்தைத் திருத்தாமல் வழியில்லை. மூன்றாவது, வினைகள். பதப்படுத்தல் என்ற சொல் இருப்பதால் உளுந்தை உடைத்துப் பருப்பாக்கும் மில் வைக்கலாம். விதை, உரம், பூச்சிமருந்து விற்பது பற்றிய சொல் அந்த வாக்கியத்தில் இல்லை. வேறு நோக்கத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

காவிரியின் கடைமடைப் பகுதியில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் நோக்கங்கள் ஒரு மாநிலத்துக்குள் அடங்காவிட்டால், அவை எந்தெந்த மாநிலங்களுக்கு விரிகின்றன என்பதை உற்பத்தியாளர் நிறுவனத்தின் மெமோராண்டம் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. தரங்கம்பாடியிலோ நாகூரிலோ இருக்கும் நிறுவனத்துக்குக் காரைக்காலும் திருநள்ளாறும் பக்கத்து ஊர்கள்தாம். ஆனால் அவை புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை. அங்குள்ள உழவர்களிடம் கொள்முதல் செய்யும் எண்ணம் இருந்தால், மெமோராண்டத்தில் புதுச்சேரியும் இடம்பெற்றிருப்பதே பாதுகாப்பு.

சட்டமே போட்டுள்ள வேலி

சாதாரண நிறுவனம் சட்டப்படியான எந்த நோக்கத்தையும் எழுதிக்கொள்ளலாம். உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 2003ஆம் ஆண்டில் பழைய நிறுவனங்கள் சட்டத்தில் நடைமுறைக்கு வந்த இந்த வகை, இப்போது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 378-ஏ முதலான பிரிவுகளின் கீழ் 2021 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. அதன் 378-பி பிரிவு ஒரு பட்டியலைத் தருகிறது. உறுப்பினர்களின் விளைபொருட்களை உற்பத்தி செய்தல், அறுவடை, கொள்முதல், தரம் பிரித்தல், விற்பனை, ஏற்றுமதி, அவற்றைப் பதப்படுத்துதல், பெரும்பாலும் உறுப்பினர்களுக்காக இயந்திரங்களும் இடுபொருட்களும் வழங்குதல், பயிற்சி, ஆலோசனை, நில, நீர் வளங்களைச் சீராக்குதல், விளைபொருள் காப்பீடு, உறுப்பினர் நலத் திட்டங்கள், இவற்றுக்கான நிதி உதவி, இவற்றோடு இணைந்த துணைச் செயல்கள். மெமோராண்டத்தின் முக்கிய நோக்கம் இந்தப் பட்டியலுக்குள் இருந்தாக வேண்டும். இதற்கு வெளியே உள்ள ஒன்றைப் பதிவின்போது எப்படியோ எழுதிச் சேர்த்திருந்தாலும், சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி சட்டமே மேலோங்கும்.

விளைபொருள் என்பதன் பொருள் விரிவானது. மீன், கால்நடை, தோட்டப்பயிர், மலர், தேன் ஆகியவற்றோடு கைத்தறியும் கைவினைப் பொருட்களும் அதில் அடங்கும். நாச்சியார்கோவில் குத்துவிளக்குச் செய்யும் கைவினைஞர்களும் இந்த வகை நிறுவனத்தைத் தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, நிறுவனம் தன் செயல்படும் உறுப்பினர்களின் விளைபொருட்களையே முதன்மையாகக் கையாள வேண்டும் என்கிறது. வெளியார் நெல்லை ஒரு மூட்டைகூட வாங்கக் கூடாது என்பது இதன் பொருளன்று. ஆனால் உறுப்பினர் நெல் கொஞ்சமும் வியாபாரியின் நெல் மிகுதியுமாக ஆண்டுக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனம், தன் அடிப்படையையே இழந்துவிட்டது. ஆகவே கொள்முதல் பதிவேட்டில் உறுப்பினர் எண்ணைக் கட்டாயம் எழுதி, உறுப்பினர் கொள்முதலும் பிறர் கொள்முதலும் தனித்தனியே கூட்டித் தெரியும்படி வைத்திருங்கள்.

துணைச் செயலா, புதிய தொழிலா

நடைமுறையில் சிக்கல் எழுவது இங்கேதான். மெமோராண்டத்தில் வெளிப்படையாக எழுதாவிட்டாலும், நோக்கத்தை நிறைவேற்ற இயல்பாகத் தேவைப்படுபவற்றைச் செய்ய நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. ஆட்களை வேலைக்கு வைப்பது, கிடங்கை வாடகைக்கு எடுப்பது, வியாபாரத்துக்காகக் கடன் வாங்குவது, வழக்குத் தொடுப்பது ஆகியவை அத்தகையவை. மறுபுறம், அறக்கொடை வழங்குவது, பிறருடைய கடனுக்கு ஜாமீன் நிற்பது, கூட்டு வியாபாரத்தில் சேர்வது, வேறு நிறுவனத்தின் பங்குகளை வாங்குவது போன்றவற்றை, வெளிப்படையான அதிகாரம் இல்லாமல், துணைச் செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உத்தேசித்துள்ள செயலின் பெயரை எழுதி, 'இது எந்த நோக்கத்துக்காக' என்று கேட்டு, நோக்கத்தின் எண்ணை எழுத முடிகிறதா என்று பாருங்கள். உளுந்து காயவைக்கும் களம் அமைப்பது கொள்முதலுக்கும் பதப்படுத்தலுக்கும் நேரடியாகப் பயன்படுவது. உறுப்பினர்களுக்கு அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு விடுவது சட்டத்தின் பட்டியலோடு பொருந்துவது. கல்யாண மண்டபம் கட்டி வாடகைக்கு விடுவதை எந்த எண்ணோடு சேர்ப்பீர்கள்? 'வருமானம் வந்தால் உறுப்பினர்களுக்குத்தானே' என்ற பதில் போதாது. அந்த வாதத்தை ஏற்றால் உலகத்திலுள்ள எல்லாத் தொழிலும் உறுப்பினர் நலமாகிவிடும். செயலுக்கும் நோக்கத்துக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும் என்பதே நீதிமன்றங்களின் நிலை.

இதற்குச் சென்னையிலேயே ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1955ஆம் ஆண்டில், பங்குதாரர்களின் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, தொழில்நுட்ப அறிவையும் வணிக அறிவையும் வளர்ப்பதற்கான ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் வழங்கியது. அடுத்த ஆண்டு ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்டதும், எல்.ஐ.சி. அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்டது. ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில், மெமோராண்டத்தில் இதற்கு அதிகாரம் இல்லை என்றும், பங்குதாரர்களின் தீர்மானம் அந்தக் குறையை நிரப்பாது என்றும், பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல காரியத்துக்காகக் கொடுத்த பணம், கூட்டம் கூட்டி முறைப்படி எடுத்த முடிவு ஆகிய இரண்டும் அங்கே இருந்தன. அதிகாரம் ஒன்றுதான் இல்லை.

பணம் தொடர்பான வரம்புகள்

ஊர்த் திருவிழாவுக்கும் பள்ளிக்கட்டடத்துக்கும் நன்கொடை கேட்டு வருவோரை மறுப்பது இயக்குநர்களுக்குக் கடினம் என்பதை அறிவேன். சட்டம் இதற்கு ஒரு வழியைத் திறந்துதான் வைத்திருக்கிறது. சிறப்புத் தீர்மானத்தின் மூலம், அதாவது எதிர்ப்பைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத ஆதரவு வாக்குகளோடு நிறைவேறும் தீர்மானத்தின் மூலம், உற்பத்தியாளர்கள் அல்லது பொதுமக்களின் சமூக, பொருளாதார நலனுக்காகவோ, பரஸ்பர உதவிக் கோட்பாடுகளை வளர்க்கவோ நன்கொடை தரலாம். ஆனால் ஓராண்டில் தரும் மொத்தத் தொகை, முந்தைய நிதியாண்டின் நிகர இலாபத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சென்ற ஆண்டு நிகர இலாபம் 4 லட்சம் என்றால் இந்த ஆண்டுக்கான உச்ச வரம்பு 12,000 ரூபாய். சென்ற ஆண்டு நட்டம் என்றால் ஒரு ரூபாயும் தர முடியாது. அரசியல் கட்சிக்கோ அரசியல் நோக்கத்துக்கோ பணமாக மட்டுமல்லாமல், ஆளாகவோ பொருளாகவோகூட எதுவும் தரக் கூடாது. மாநாட்டுக்கு நிறுவனத்தின் டிராக்டரை அனுப்புவதும் இதில் அடங்கும். கோயில் குடமுழுக்கு போன்றவற்றுக்கு இயக்குநர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்துவிடுவதே எல்லாருக்கும் நிம்மதி.

உறுப்பினர்களுக்கு நிறுவனத்தின் தொழில் தொடர்பாகத் தரும் கடன் வசதி 6 மாதத்துக்கு மிகக் கூடாது. ஆர்ட்டிகிள்ஸில் குறித்த ஈட்டின் பேரில் தரும் கடனை 7 ஆண்டுகளுக்குள் திரும்பப் பெற வேண்டும். இயக்குநருக்கோ அவருடைய உறவினருக்கோ கடன் தருவதாக இருந்தால், உறுப்பினர்களின் தீர்மானத்தால் ஒப்புதல் பெற்ற பிறகே தர முடியும். உறுப்பினர் அல்லாதவருக்கு வட்டிக்குப் பணம் விடுவதற்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. வேறு வகை நிறுவனங்களில் செய்யும் முதலீடு, செலுத்தப்பட்ட மூலதனமும் தடையற்ற காப்புநிதியும் சேர்ந்த தொகையில் 30 விழுக்காட்டுக்கு உட்பட்டது. மூலதனம் 10 லட்சம், காப்புநிதி 5 லட்சம் என்றால், 4.5 லட்சம் வரைதான். அதற்கு மேல் போக வேண்டுமானால் சிறப்புத் தீர்மானமும் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். எந்த முதலீடாக இருந்தாலும் நிறுவனத்தின் நோக்கத்துக்கு உதவுவதாக இருக்க வேண்டும்.

எந்த மீறலைச் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்ய முடியாது

மீறல் நடந்துவிட்டது என்று தெரிந்தால், அது எந்த எல்லையைக் கடந்தது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. இயக்குநர் குழு தனக்கு ஒதுக்கிய வரம்பைத் தாண்டியிருக்கிறது, ஆனால் செயல் நிறுவனத்தின் நோக்கத்துக்குள் இருக்கிறது என்றால், பொதுக்கூட்டம் அதைப் பின்னேற்பு செய்யலாம், அதாவது நடந்த பிறகு ஒப்புதல் தரலாம். 5 லட்சத்துக்கு மேற்பட்ட கொள்முதலுக்குப் பொதுக்கூட்ட ஒப்புதல் வேண்டும் என்று ஆர்ட்டிகிள்ஸ் கூற, இயக்குநர்கள் 8 லட்சத்துக்கு உளுந்து வாங்கிவிட்டால் நிலைமை இதுதான். ஆர்ட்டிகிள்ஸே தடுப்பதாக இருந்தால், அதைத் திருத்தி மேற்கொண்டு செல்லலாம். உற்பத்தியாளர் நிறுவனத்தில் அந்தத் திருத்தத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர்களில் மூன்றில் இரண்டு பங்கினரோ, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ முன்மொழிய வேண்டும். ஆனால் செயல் மெமோராண்டத்தையோ சட்டத்தையோ கடந்திருந்தால், பின்னேற்புக்கு இடமில்லை. இன்று மெமோராண்டத்தைத் திருத்தினாலும் நேற்றைய செயலுக்கு அது பொருந்தாது.

அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை வைத்து நிறுவனமும் வழக்காட முடியாது, எதிர்த்தரப்பும் வழக்காட முடியாது. இயக்குநர்களோ, சட்டத்துக்கோ ஆர்ட்டிகிள்ஸுக்கோ மாறான தீர்மானத்துக்கு வாக்களித்தால், அதனால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பைக் கூட்டாகவும் தனித்தனியாகவும் ஈடுகட்டப் பொறுப்பாவார்கள் என்று 378-டி (T) பிரிவு கூறுகிறது. ஆகவே ஒரு தீர்மானத்தை எதிர்க்கும் இயக்குநர், வாயால் சொல்லிவிட்டு வெளியேறாமல், தம் எதிர்ப்பை நடவடிக்கைக் குறிப்பேட்டில் பெயரோடு எழுதச் செய்ய வேண்டும்.

நிறுவனத்துக்குச் சரக்கோ கடனோ தருபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பதிவாளரிடம் உள்ள மெமோராண்டத்தை எல்லாரும் அறிந்திருப்பதாகவே சட்டம் கருதுகிறது. வங்கியானாலும், நபார்டின் துணை நிறுவனமான நாப்கிசான் ஆனாலும், முதலில் அதன் நகலைக் கேட்பது அதனால்தான். உள்ளே கூட்டம் முறையாக நடந்ததா, கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருந்ததா என்பதையெல்லாம் வெளியார் துருவிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த அளவுக்கு அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு.

தீர்மானத்தை எழுதும் முறையும் மெமோராண்டத்தைத் திருத்தும் முறையும்

இயக்குநர் குழுத் தீர்மானத்தின் முதல் வரியிலேயே அதிகாரத்தின் மூலத்தைக் குறிப்பிடும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். 'மெமோராண்டத்தின் மூன்றாம் கூறு, முதற்பகுதி, 2ஆம் நோக்கத்தின் கீழும், ஆர்ட்டிகிள்ஸின் இன்ன விதியின் கீழும் உள்ள அதிகாரத்தின்படி, உறுப்பினர்களின் உளுந்தைப் பருப்பாக உடைக்கும் இயந்திரம் ஒன்றை இவ்வளவு தொகைக்கு மிகாமல் வாங்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினால் போதும். எண்ணை நிரப்ப முடியாத தீர்மானம் அன்றே நின்றுவிடும். மெமோராண்டத்தில் அதிகாரம் இருப்பது வேறு, அரசின் உரிமம் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். உரமும் பூச்சிமருந்தும் விற்க நோக்கம் அனுமதித்தாலும், அவற்றுக்கான உரிமங்களைத் தனியே பெற்றாக வேண்டும்.

நோக்கத்தில் இல்லாத நல்ல தொழில் ஒன்றைச் செய்ய விரும்பினால், தொழிலைத் தொடங்கும் முன் மெமோராண்டத்தைத் திருத்துங்கள். திருத்த வரைவைப் பொதுக்கூட்ட அறிவிப்போடு, இயக்குநர் குழுவின் பரிந்துரையையும் சேர்த்து, 14 நாட்களுக்குக் குறையாமல் முன்னதாக உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும். ஆர்ட்டிகிள்ஸ் கூடுதலாகக் கேட்காவிட்டால், மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் வந்திருந்தால்தான் கோரம் நிறைவுபெறும். ஆயிரம் பேருள்ள நிறுவனத்துக்கு 250 பேர். சம்பா நடவின்போதோ தை அறுவடையின்போதோ கூட்டம் வைத்தால் இந்த எண்ணிக்கை கூடாது. கோடை உளுந்து எடுத்த பிறகு, மேட்டூர் திறப்புக்கு முன், மே மாதத்தில் வைப்பது வசதி. சிறப்புத் தீர்மானம் என்பதால், ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தனிநபர்களே உறுப்பினராக உள்ள நிறுவனத்தில், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான்.

தீர்மானம் நிறைவேறிய 30 நாட்களுக்குள், இரண்டு இயக்குநர்கள் சான்றளித்த தீர்மான நகலையும் திருத்திய மெமோராண்டத்தையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவாளர் பதிவு செய்து சான்று தரும் வரை அந்தத் திருத்தத்துக்கு வலு இல்லை. கூட்டத்தில் கைதட்டல் அடங்குவதற்குள் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிவிடும் அவசரத்தை இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும்.

இயக்குநர்கள் கேட்காமல் எல்லை மீறப் புறப்பட்டால், உறுப்பினர்கள் முதலில் நோக்கத்தின் எண்ணைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுக்கலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் காரணத்தைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டுக் கோரினால், இயக்குநர் குழு சிறப்புப் பொதுக்கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். அதிலும் தீராத நிர்வாகத் தகராறு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமரசத்துக்கோ நடுவர் தீர்ப்புக்கோ செல்லும். அந்த நிலையில் உறுப்பினரின் கையில் இருக்க வேண்டியவை மூன்று: மெமோராண்டத்தின் சான்றிட்ட நகல், தீர்மானத்தின் நகல், தாம் கொடுத்த கடிதத்துக்கான ஒப்புகை.